வரைபடத்தில் இருப்பது யாருடைய முகம்?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளில் ஆஜராகும் சட்டத்தரணி என்ற வகையில், கண்கண்ட சாட்சி சொன்ன அடையாளங்களைக் கொண்டு வரையப்பட்ட சந்தேகநபர் படங்கள் பலவற்றை வழக்குக் கோவைகளுக்குள் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒரு படத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை. இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்த முதியவர், எதிர்ப்புறத்தில் ஓர் இளைஞர் குத்தப்படுவதையும், குத்தியவன் தெருவிளக்கைக் கடந்து ஓடுவதையும் கண்டார். அன்றிரவே பொலிஸார் பதிந்த வாக்குமூலத்தில், பொதுநிறம், முப்பது வயதுக்குள், ஏறிய நெற்றி என மூன்று அடையாளங்கள் மட்டுமே இருந்தன. பதினொரு நாட்களின் பின்னர் அவரைக் கணினியின் முன்னால் இருத்திப் படம் தயாரித்தார்கள். மீசையைப் பற்றி அதுவரை எதுவும் சொல்லாதிருந்தவரிடம் திரையில் பல மீசைகளைக் காட்டி, எது பொருந்துகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மெல்லியதொன்றைக் காட்டினார். படத்தைப் பார்த்த யாரோ கொடுத்த தகவலில் ஒருவர் கைதானார்; சந்தேகநபரைப் பலரோடு வரிசையில் நிறுத்தும் அடையாள அணிவகுப்பில் முதியவர் அவரையே காட்டினார். ஆறு ஆண்டுகள் கழித்து, நான் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சார்பில் குறுக்கு விசாரணை செய்தபோது முதியவர் சொன்ன பதில்: "மெல்லிய மீசை பிள்ளை, இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கண்ணுக்குள் நின்றது தெருவிளக்கின் கீழ் கண்ட முகமா, கணினித் திரையில் கண்ட முகமா என்பதை அவராலேயே பிரித்தறிய முடியாமற் போயிருந்தது. எதிரி விடுதலையானார். வெளியே வந்தபோது கொல்லப்பட்டவரின் தாய் என்னை மறித்து, "இவன் இல்லையெண்டால் அப்ப ஆர் பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. ஒரு படத்தை மட்டும் நம்பித் தேடிய காலத்தில், உண்மையான கொலையாளியைத் தேடியிருக்கக்கூடிய நாட்கள் கழிந்துபோயின.

முகத்தை நாம் நினைவில் வைத்திருக்கும் விதமே இதற்கு அடிப்படைக் காரணம். மூக்கு, வாய், புருவம் என்று துண்டுதுண்டாக நாம் எவரையும் நினைவில் வைப்பதில்லை. முழுமுகத்தையும் ஒன்றாகவே பதித்துக்கொள்கிறோம். பல ஆண்டுகள் பழகிய அயல்வீட்டாரின் மூக்கை விவரிக்கச் சொன்னால் நாம் திணறுவோம், ஆனால் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அவரை ஒரே பார்வையில் கண்டுகொள்வோம். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. முன்பின் தெரியாத முகத்தைப் பார்க்கும்போது தலைமுடியும் முகத்தின் வெளிவடிவமுமே மனதில் தங்குகின்றன; நன்கு தெரிந்தவரை இனங்காண்பதற்கோ கண், மூக்கு, வாய் ஆகிய உட்பகுதியே உதவுகிறது. ஆகவே அந்நியரான சாட்சி எந்தப் பகுதியைச் சரியாகச் சொல்லக்கூடுமோ, அந்தப் பகுதி கொலையாளியின் உறவினருக்கோ நண்பருக்கோ அவ்வளவாக உதவுவதில்லை. முகமொன்றின் புகைப்படத்தைக் காட்டி, இரண்டு நாட்களின் பின்னர் படம் தயாரிக்கச் செய்து பிரித்தானிய உளவியலாளர்கள் நடத்திய ஆய்வொன்றில், ஓவியர் கையால் வரைந்த படங்களைக்கூட நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான தடவைகளிலேயே சரியாக இனங்கண்டார்கள். இன்றைய கொழும்பில் துப்பாக்கிதாரிகள் முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசத்துடன் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். அதற்குள்ளிருந்து தெரியும் இரண்டு கண்களைக் கொண்டு என்ன படத்தை வரைவது?

அமெரிக்காவின் மேரிலாந்தில் 1984இல் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, சாட்சிகள் ஆறடி ஐந்தங்குல உயரமான, மெலிந்த, பொன்னிற முடியுள்ள ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். வெளியிடப்பட்ட படத்தைப் பார்த்து ஒருவர் தொலைபேசியில் குறிப்பிட்ட கேர்க் பிளட்ஸ்வேர்த், ஆறடி உயரமும் பருத்த உடலும் செந்நிற முடியும் கொண்டவர். ஆயினும் ஐந்து சாட்சிகள் அவரை நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1993இல் மரபணுப் பரிசோதனை அவரை விடுவித்தது. உண்மையான குற்றவாளி அதே சிறையில் வேறொரு குற்றத்துக்காக இருந்தது 2003இல்தான் தெரியவந்தது.

படம் சரியாக அமைந்தாலும் அது தனித்து எதையும் முடித்துவைப்பதில்லை. தென்கொரியாவின் ஹ்வாசொங் தொடர்கொலைகளில் 1988இல் வெளியான படம் குற்றவாளியைப் பெரிதும் ஒத்திருந்ததாகப் பின்னர் பேசப்பட்டது. பொலிஸார் அவரை விசாரித்துமிருந்தார்கள். ஆனால் கொலையாளியின் இரத்தவகையைத் தவறாகக் கணித்திருந்தமையால் அவரை விட்டுவிட்டார்கள். 2019இல் மரபணுவே அவரைக் காட்டிக்கொடுத்தது.

நம் நாட்டில், ஊடகவியலாளர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி அத்திடியவில் தாக்கிக் கொல்லப்பட்டார். சந்தேகநபர்கள் இருவரின் வரைபடங்களைப் பொலிஸார் 2016இல் வெளியிட்டார்கள். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஒரு முகம் நினைவில் எவ்வளவு மாறியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கலாம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர் தேடப்படுவோர் எனப் பொலிஸார் வெளியிட்ட புகைப்படங்களில், சம்பந்தமேயில்லாத அமெரிக்க மாணவி ஒருவரின் படமும் இருந்தது. பொலிஸார் அதைத் திருத்தி மன்னிப்புக் கேட்பதற்குள் அது பல்லாயிரம் கைகளுக்குப் போய்விட்டது. நிழற்படத்திலேயே இவ்வாறு நேருமாயின், பென்சில் கோட்டினால் வரைந்த முகத்தைப் பெயரும் முகவரியும் சேர்த்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் என்ன செய்கிறோம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். படத்தில் இருப்பவர் நமக்குத் தெரிந்தவர்போல் இருந்தால், அதைப் பொலிஸாருக்கு மட்டும் தெரிவிப்பதே சரி.

தமிழ் பேசும் சாட்சிக்கு இன்னொரு தடையும் உண்டு. நான் சொன்ன வழக்கில் முதியவர் தமிழில் 'பொதுநிறம்' என்றதை, மொழிபெயர்த்தவர் சிங்களத்தில் 'தலெலு' என்று எழுதியிருந்தார். அச்சொல் சற்று வெளுத்த நிறத்தையே பெரும்பாலும் மனதில் கொண்டுவரும். படத்தின் நிறமும் அதன்படியே அமைந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் தமிழும் அரசகரும மொழியாகும். ஆகவே வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. அது இயலாதெனில், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, திருத்த வேண்டியதைத் திருத்திய பின்னரே கையொப்பமிட வேண்டும்.

கொலையொன்றைக் காண நேர்ந்தவர்கள், வேறெவரிடமும் பேசுவதற்கு முன்னர், கண்டதைத் தம் சொந்தச் சொற்களில், திகதியும் நேரமும் குறித்து ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில், எத்தனை விநாடி பார்த்தோம் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுபவை அவையே. அயலவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கதையைச் சீராக்கக் கூடாது. படம் தயாரிக்கும்போது காணாத பகுதியைப் பற்றிக் கேட்டால், அதிகாரி எவ்வளவு பொறுமையிழந்தாலும், "நான் காணவில்லை" என்றே சொல்ல வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 124ஆம் பிரிவின்கீழ் நீதவான் நடத்துவிக்கும் அடையாள அணிவகுப்புக்கு அழைக்கப்பட்டால், வரைபடத்தைத் தாம் முன்னர் எத்தனை தடவை, எங்கே பார்த்தோம் என்பதை மறைக்காமல் நீதவானிடம் தெரிவிக்க வேண்டும். வரிசையில் அந்த முகம் இல்லையெனத் தோன்றினால், இல்லை என்று சொல்லிவிட்டு வெளியேறலாம். யாரையாவது காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் சாட்சியிடம் கேட்பதில்லை.