மெல்லிய தாள் அச்சோவியங்களைக் காட்சிக்குப் பொருத்துதல்

காட்சிக்காக என்னிடம் வரும் அச்சோவியங்களுள் மீட்க முடியாதபடி கெட்டுப்போனவை பெரும்பாலும், தட்டையாக இருக்கட்டும் என்ற அக்கறையில் யாரோ பின்புறம் முழுதும் அட்டையில் ஒட்டிவிட்டவையே. கோசோ, காம்பி போன்ற ஜப்பானியச் செடிகளின் பட்டை நார்களால் ஆன மிக மெல்லிய தாள், காற்றில் ஈரம் ஏறும்போது விரிந்து, இறங்கும்போது சுருங்குகிறது. அடியிலுள்ள தடித்த அட்டை அதே அளவில் அசைவதில்லை. அசைய இடமில்லாத தாள் அலையலையாகப் புடைக்கும் அல்லது கிழியும். செலோ டேப்பின் பசையோ மஞ்சளித்துத் தாளுக்குள் ஊறி, முன்புறமே கறையாகத் தெரியும்.

ஆகவே மேல்விளிம்பில் மட்டும், பின்புறமாக, இரண்டு சிறு தாள் துண்டுகளைக் கீல்களாகப் பொருத்தித் தொங்கவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். கீலுக்கான கோசோ தாளைக் கத்தரிக்காமல், தண்ணீரால் கோடிட்டுக் கையால் கிழிக்க வேண்டும். ஓரத்தில் நீளும் நார்கள் இழுவிசையைப் பரப்பி, முன்புறம் கோடு தெரியாமல் காக்கும். அந்தக் கீல், ஓவியத் தாளைவிட வலுக்குறைந்ததாக இருப்பது கட்டாயம். சட்டகம் கீழே விழுந்தால் முதலில் அறுபட வேண்டியது கீல்தான். பசைக்கு, நன்கு வேகவைத்து வடிகட்டிய கோதுமை ஸ்டார்ச் போதும். பின்னாளில் சிறிது ஈரத்தால் அதை இளக்கிவிடலாம். ஆனால் அதிலுள்ள தண்ணீர் மெல்லிய தாளை உடனே சுருக்கிவிடும் என்பதால், கெட்டியான பசையை மிகக் குறைவாகத் தடவி, ஈரப் பளபளப்பு அடங்கியபின் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒட்டி, நெய்யாத பாலியெஸ்டர் துணியும் ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் தாளும் வைத்து எடையேற்றி, முழுதும் உலரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைத்த இடங்களில்தான் கீலைச் சுற்றிச் சுருக்கங்களைக் காண்கிறேன்.

இத்தகைய தாளின் ஊடே பின்னட்டையின் நிறம் தெரியும்; எனவே ஒட்டுவதற்கு முன்பே வெவ்வேறு வெண்மைகளில் வைத்துப் பாருங்கள். அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். சயனோடைப் எனும் நீலநிற ஒளிப்பதிவுப் படங்கள் காரத்தன்மையில் வெளிறும் என்பதால், அவற்றுக்குக் காரப்பொருள் சேர்க்காத அட்டை தேவை.

முன்னால் வைக்கும் சாதாரண அக்ரிலிக் தகடு நிலைமின்னேற்றத்தால் தாளைத் தன்பால் இழுக்கும். கண்ணாடி அல்லது நிலைமின் தடுப்புப் பூச்சுள்ள அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுத்து, ஓவியத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையால் தாளுக்கும் தகட்டுக்கும் இடையே போதிய இடைவெளி விடுங்கள். ஒளி 50 லக்ஸ் அளவைத் தாண்ட வேண்டாம்.

ஓவியர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டகம் செய்பவரிடமிருந்து எந்தப் பசை, எந்த அட்டை, எங்கெங்கே ஒட்டு என்பதை எழுதி வாங்கி, அக்குறிப்பைச் சட்டகத்தின் பின்புறத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்து அதைப் பிரிப்பவர் எங்கே ஈரம் காட்டுவது என்று தேட வேண்டியிராது.