நடைமுறைச் சான்று: ஒரு சொல் விளக்கம்

முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிப் புற்றுநோயை எதிர்க்கவைக்கும் சிகிச்சை) கொடுத்தால் என்ன பலன் என்று ஆராயும் கட்டுரைகளின் தலைப்பில் ‘ரியல் வேர்ல்டு’ என்ற அடைமொழி இப்போது அடிக்கடி தென்படுகிறது. முழுத் தொடர் ‘ரியல் வேர்ல்டு எவிடென்ஸ்’. தமிழில் ‘நிஜ உலகச் சான்று’, ‘மெய்யுலக ஆதாரம்’ என்று எழுதிவருகிறோம். எனக்கு இரண்டுமே உவப்பில்லை.

ஆய்வுக்கென்றே ஆள் சேர்த்து நடத்தும் மருந்துச் சோதனைக்கு வெளியே, அன்றாடச் சிகிச்சையில் சேரும் விவரங்களிலிருந்து பெறும் சான்று என்பதுதான் பொருள். கேஸ் ஷீட், புற்றுநோய்ப் பதிவேடு, காப்பீட்டுக் கணக்கு எல்லாம் தரவு. அவற்றை முறையாக அலசிக் கண்டது சான்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது.

கருத்து பழையது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று விளக்கப் பார்க்கும் சோதனை வேறு, வழக்கமான சிகிச்சைச் சூழலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவுசெய்ய உதவும் சோதனை வேறு என்று பிரெஞ்சுப் புள்ளியியலாளர்கள் டேனியல் ஷ்வார்ட்ஸும் ஜோசப் லெலூஷும் 1967லேயே பிரித்துக் காட்டினார்கள். இன்றைய தொடருக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது, 2016 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய ‘21ஆம் நூற்றாண்டுக் குணப்படுத்தல்கள் சட்டம்’.

சரி, எதற்கு இப்படி ஒரு சான்று? கீநோட் 826 சோதனையைப் பாருங்கள். 2021இல் வெளியான முடிவு. நோய் முற்றிய அல்லது திரும்பி வந்த 617 பெண்கள். கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி பெற்றவர்களில் சுமார் 50 விழுக்காட்டினரும், கீமோவோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி ஊசி (பிளாசிபோ) பெற்றவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் 2 ஆண்டு கடந்து உயிரோடிருந்தார்கள் என்பது கணிப்பு. பெரிய செய்திதான். ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் உடல்திறன் அளவில் 0 அல்லது 1 வாங்கியவர்கள். அதாவது எழுந்து நடமாடி, லேசான வேலையாவது செய்யக்கூடியவர்கள். வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படியா? கட்டி சிறுநீர்க் குழாயை அழுத்தியதால் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியவர், ரத்தப்போக்கில் துவண்டவர், தன்னுடல் தாக்குநோய்க்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர், ஊசி விலைக்குப் பயந்து நடுவில் நிறுத்தியவர் எல்லோரும் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்பதை நடைமுறைப் பதிவுகள்தான் சொல்லும்.

இங்கேதான் ‘ரியல்’ என்ற சொல் கண்ணைக் கட்டுகிறது. அப்படியானால் சோதனை பொய்யுலகமா? அந்த 617 பேரும் நிஜ நோயாளிகளே. போதாததற்கு, ‘நிஜம்’ என்றதும் இதுதான் கூடுதல் உண்மை என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்கிறது. அப்படிச் சொல்ல முடியாது. யாருக்கு இந்த ஊசி என்று சோதனையில் குலுக்கல் முடிவு செய்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டரின் கணிப்பும் நோயாளியின் கையிருப்பும் முடிவு செய்கின்றன. தெம்புள்ளவருக்கே மருந்து போனால், தெம்பால் வந்த பலனும் மருந்தின் கணக்கில் ஏறும். இன்னொரு பொறியும் உண்டு: ஊசி தொடங்கும் நாள்வரை பிழைத்திருந்தவர் மட்டுமே ‘ஊசி பெற்றவர்’ ஆக முடியும். அவருடைய ஆயுளை நோய் கண்டறிந்த நாளிலிருந்து எண்ணினால் மருந்து தராத மாதங்களும் அதன் பெயரில் வந்துவிடும்.

ஆகவே உலகத்தை விட்டுவிட்டு ‘நடைமுறைச் சான்று’ என்போம். ‘நடைமுறை’ வழக்கத்தில் நடப்பதைக் குறிக்கிறது. உண்மை பொய் என்ற பேச்சையே எடுப்பதில்லை. ‘சான்று’ நல்ல சொல். நிறைதல், போதுமாதல் என்று பொருள்படும் ‘சால்’ என்ற வேரோடு இதைச் சேர்த்துக் காட்டுவார்கள். இதற்கு இன்னொரு பழைய சொல் ‘கரி’. ‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் (25) கரி என்றால் சாட்சி. அழகுதான், ஆனால் இன்று ‘நடைமுறைக் கரி’ என்று எழுதினால் அடுப்பங்கரைதான் நினைவுக்கு வரும்.

கூடவே வரும் சொற்களையும் இதே வழியில் அமைக்கலாம். ‘ரியல் வேர்ல்டு டேட்டா’ நடைமுறைத் தரவு. சோதனைச் சூழலில் தெரியும் ‘எஃபிகசி’ செயல்திறன். வழக்கமான சிகிச்சையில் கிடைக்கும் ‘எஃபெக்டிவ்னஸ்’ நடைமுறைப் பயன். இம்யூனோதெரபிக்கு ‘நோயெதிர்ப்புச் சிகிச்சை’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம்.