தொப்பை போடும் சத்தம் சிறுநீரகத்துக்குக் கேட்கிறது

சுங்கை சிப்புட்டில் என் எதிர்வீட்டு அண்ணன் இருபத்தைந்து வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். அந்தக் காலத்தில் அவர் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிறகு ஒரு பேக்டரி வாசலில் செக்குரிட்டி வேலை. பன்னிரண்டு மணி நேரம் நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் தே தாரிக். தைப்பூசம் முடிந்த வாரம் கிளினிக்கில் பார்த்தபோது இடுப்பு 104 சென்டிமீட்டர், பிரஷர் 158/96.

"கொழுப்பு போய் குழாய அடச்சிக்கிச்சாம் தம்பி" என்றார்.

ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நாளங்களுக்குள் கொழுப்பு படிவது உண்மை. மாரடைப்பு அந்த வழியில் வருகிறது. ஆனால் தொப்பை போட்டவருக்குப் பிரஷர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் அடைப்பு இல்லை. வயிற்றுக் கொழுப்பு அங்கே உட்கார்ந்தபடியே இரத்தத்தில் ஹார்மோன்களைக் கலந்துவிடுகிறது. மூளையும் சிறுநீரகமும் அதற்குக் கீழ்ப்படிகின்றன.

கொழுப்பை வெறும் சேமிப்பு மூட்டை என்றுதான் வெகுகாலம் மருத்துவமே நினைத்துக்கொண்டிருந்தது. 1994இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, பந்து மாதிரி பருத்துப்போகும் ஒருவகை எலியிடம் எந்த மரபணு பழுது என்று கண்டுபிடித்தது. அந்த மரபணு வேலை செய்யும் இடம் கொழுப்புச் செல். அது செய்யும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் 'மெலிந்த' என்று பொருள். பருத்தவர் உடம்பில்தான் அது அதிகம் என்பது பெயருக்கு நேர்ந்த சோதனை.

தோட்டத்துக் கணக்கில் சொன்னால் லெப்டின் ஒரு சீட்டு. "ஸ்டோரில் அரிசி நிறைந்துவிட்டது" என்று ஸ்டோர் கிராணி ஆபீசுக்கு எழுதி அனுப்புகிறார். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் ஆபீஸ். அங்கே இரண்டு பேர் சீட்டைப் படிக்கிறார்கள். ஒருவர் அரிசி லாரியை நிறுத்துபவர். அதாவது பசியை அடக்குபவர். இன்னொருவர் சங்கை ஊதி ஆட்களை முடுக்குபவர்; இவர் கையில் இருப்பது உடம்பை அவசரத்துக்கு முடுக்கிவிடும் பரிவு நரம்புகள். இருப்பதைச் செலவழிக்கத்தானே முடுக்குகிறார், நல்ல ஏற்பாடுதான்.

கொழுப்பு கூடக்கூடச் சீட்டு கட்டுக்கட்டாக வருகிறது. லாரிக்காரர் படிப்பதையே விட்டுவிடுகிறார், அதனால் பசி அடங்குவதில்லை. சங்குக்காரரோ ஒவ்வொரு சீட்டுக்கும் விடாமல் ஊதுகிறார். ஒரே ஹார்மோனுக்கு ஒரு காது செவிடு, இன்னொரு காது கூர்மை. அந்த நரம்புகள் சிறுநீரகத்துக்கும் போகின்றன. அவை முறுக்கேறினால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். உப்போடு தண்ணீரும் தங்கும், இரத்தத்தின் அளவு கூடும், பிரஷர் ஏறும்.

இதெல்லாம் நம்பும்படியான கதைதானா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தீர்த்துவைத்தது பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள். 1997இல் இப்படி இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்றுக்கு எட்டு வயது, 86 கிலோ. இன்னொன்றுக்கு இரண்டு வயது, 29 கிலோ. லெப்டின் சுரக்காதவர்கள் எவ்வளவு பருத்தாலும் அந்தப் பருமனுக்கு ஏற்றபடி பிரஷர் ஏறுவதில்லை. லெப்டின் இல்லாத அந்தக் குண்டு எலிகளுக்கும் இதே கதைதான். லெப்டினின் கட்டளையை மூளைக்குள் கடத்தும் ஒரு ஏற்பி பழுதான மனிதர்களும் பருத்துத்தான் இருக்கிறார்கள், பிரஷர் மட்டும் மற்றப் பருத்தவர்களைவிடக் குறைவு. உடல் எடையேதான் குற்றவாளி என்றால் இவர்களுக்கெல்லாம் முதலில் பிரஷர் வந்திருக்க வேண்டும். சீட்டு இல்லை, அல்லது சீட்டைப் படிக்க ஆள் இல்லை; சங்கு ஊதவில்லை.

சங்கு ஊதும்போது இன்னொன்றும் நடக்கிறது. அந்த நரம்புகள் தூண்டியதும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடுகிறது. ரெனின் வெட்டுவதற்கு ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதம் வேண்டும். அதைப் பெரும்பாலும் கல்லீரல் செய்கிறது, ஆனால் கொழுப்புச் செல்லும் சொந்தமாகச் செய்து கொடுக்கிறது. வெட்டுண்ட துண்டு இன்னொரு வெட்டு வாங்கி ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் ஆகிறது. அது நாளங்களை இறுக்கிப் பிடிக்கும், அட்ரினல் சுரப்பியிடம் போய் இன்னும் உப்பைத் தக்கவை என்றும் சொல்லும். அண்ணனுக்குக் கொடுத்த பெரிண்டோபிரில் மாத்திரை தடுப்பது இந்த இரண்டாவது வெட்டைத்தான். சிலருக்கு அந்த மாத்திரையால் வறட்டு இருமல் வரும். இவருக்கும் வந்தது, வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள்.

கொழுப்பிலிருந்து நல்லதும் வரும் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் நாளங்களின் உட்சுவரை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டி அவற்றைத் தளர்த்துகிறது. மற்றவை ஏறும்போது இது மட்டும் எடை கூடக் கூடக் குறையும். அப்புறம் உள்வயிற்றுக் கொழுப்பு சிறுநீரகத்தை வெளியிலிருந்து அமுக்கவும் செய்கிறது. அது ஹார்மோன் இல்லை, வெறும் நெருக்கடி.

மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் அல்லது உடல் பருமன், 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். நம்மவர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருக்க வயிறு மட்டும் முன்னே வரும் வாகு உண்டு. அதனால் தராசைவிட டேப்பை நம்பலாம். ஆசியர்களுக்கு ஆண் என்றால் 90, பெண் என்றால் 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

ஒரு கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும் என்கின்றன ஆய்வுகள். சாப்பாட்டைக் குறைத்த சில நாட்களிலேயே, எடை பெரிதாக இறங்குமுன், லெப்டின் இறங்கத் தொடங்கிவிடும். அண்ணன் நான்கு கிலோ குறைத்திருக்கிறார். மாத்திரையும் விடவில்லை, 138இல் நிற்கிறது.

"அப்ப சீட்டு கொறஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டு ஒட்டுக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங் சொன்னார். இத்தனை வருடம் கெட்டிப்பால் கூடுதலாகக் கேட்டவர் என்பதால் கடைக்காரர் இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கலக்கினார்.