குரோஷேக்குத் தமிழ் ஊசிப்பின்னலா?

சென்ற மாதம் ஒரு கைவினைக் கண்காட்சியில், நான் பதினேழு நாள் உட்கார்ந்து குரோஷேயில், அதாவது ஒற்றைக் கொக்கியால் நூலை வளையம் வளையமாகக் கோத்துப் போட்ட பருத்திச் சட்டையின்மேல் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள்: 'ஊசிப்பின்னல் முறையில் தைக்கப்பட்ட ஆடை'. நான்கு சொற்களில் இரண்டு பிழை. அந்தச் சட்டையில் ஊசி பட்டது நூல்நுனியை உள்ளே ஒளித்த இடத்தில் மட்டும்தான். இதே 'ஊசிப்பின்னல்' முன்பும் கண்ணில் பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

குரோஷே பிரெஞ்சுச் சொல். பொருள் சிறு கொக்கி. கருவியின் பெயரே கலைக்கும் ஆகிவிட்டது. நம் வீடுகளில் அது குரோஷா, கொரோசா என்று தேய்ந்து வழங்குகிறது. அவ்வளவுதான் வரலாறு.

ஊசிப்பின்னல் என்ற பெயர் பொருந்துவது ஸ்வெட்டர் போடும் வேலைக்கு. அதில் இரண்டு நீள ஊசிகள். ஒரு வரிசைக் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், முழுவதும் ஊசியில் தொங்கும். ஒன்று நழுவினால் ஏணிப்படிபோல் கீழ்வரை அவிழும். குரோஷேயில் ஒரே ஒரு கொக்கி. பெரும்பாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், மற்றவை முடிந்துவிட்டவை. நிறுத்தம் வந்ததும் பாதி வேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்க முடிவது அதனால்தான்.

'பின்னலாடை என்றே சொல்லிவிடலாமே' என்பவர்களும் உண்டு. பின்னலாடை என்றால் திருப்பூர். இயந்திரத்தில் சுற்றிச் சுற்றி வரும் பனியன் துணி. குரோஷேயை அப்படியே போட்டுத் தரும் இயந்திரம் இன்றும் சந்தையில் இல்லை. கடையில் அசல் குரோஷே சட்டை தொங்கினால், யாரோ ஒருவர், ஒருவேளை ஆந்திரத்து நரசாபுரத்துப் பெண் ஒருத்தி, அதைக் கண்ணி கண்ணியாகக் கையால் போட்டிருக்கிறார். பின்னலாடை என்ற சொல் அந்தக் கையை மறைத்துவிடுகிறது.

ஆகவே கொக்கிப்பின்னல் என்கிறேன். மொழிபெயர்ப்பாள நண்பர் ஒருவர் முகம் சுளித்தார்: 'கொக்கி என்றால் லாரிதான் நினைவுக்கு வருகிறது, நளினமில்லை.' ரவிக்கைக் கொக்கி மட்டும் இவருக்கு நளினமாகப் படுகிறதோ? கொளுக்கி என்ற பழைய சொல்லும் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமைதோறும் எங்கள் மொட்டைமாடியில் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் அதைச் சொல்லமாட்டார்கள். 2016இல் பெண்கள் கூடி 11,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது சென்னையில். அந்த ஊரிலேயே இந்தக் கலைக்கு ஒரு தமிழ்ப்பெயர் நிலைக்கவில்லையே என்பதுதான் என் எரிச்சல்.

அடுத்த தொல்லை, ஸ்டிச் என்பதற்கு எழுதும் 'தையல்'. துணியே இல்லாத இடத்தில் எதைத் தைப்பது? வலைக்கண்ணி என்று மீனவர்கள் சொல்லும் கண்ணி இருக்கிறதே. சங்கிலிக்கண்ணி, குட்டைக்கண்ணி, நெட்டைக்கண்ணி என்று சொன்னால் கொக்கியைப் பிடிக்காதவருக்கும் புரியும். எண்ணை மட்டும் மொழிபெயர்ப்பது ஆபத்து. அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷேதான் பிரிட்டிஷாருக்கு டபுள் குரோஷே. எந்த நாட்டுக் குறிப்பு என்று பாராமல் ஒருவர் 'இரட்டைத் தையல்' என்று எழுதிவைக்க, அதை நம்பிய என் மாணவி குட்டைக்கண்ணி வரவேண்டிய இடமெல்லாம் நெட்டைக்கண்ணியாகவே போட்டு முடித்தாள். குழந்தைக்கான தொப்பி பூசணிக்காய்க்குத்தான் பொருந்தியது.

இப்படிச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்களே, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் போடும் கிரானி ஸ்கொயர் என்ற சதுரத் துண்டைப் 'பாட்டிச் சதுரம்' ஆக்கியவர்களும். ஒயர்கூடை போட்ட பெண்கள் எந்த அகராதியையும் புரட்டாமல் நெல்லிக்காய்க் கூடை, சிவன் கண் கூடை என்று பெயர் வைத்தார்கள். கண்ணில் பட்டதைச் சொன்னார்கள். போன வாரம் மாடியில் முதன்முறையாக அந்தச் சதுரத்தை முடித்த பக்கத்து வீட்டு அக்கா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'நடுவில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே வருகிறதே, இது கோலக்கட்டம்' என்றார். அன்றே என் குறிப்பேட்டில் பாட்டியை அடித்துவிட்டேன்.