ரிட்டர்ன்: திரும்புவதா, திருப்புவதா?

ஜூலை கடைசி வாரம். "ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று ஆபீசில் பக்கத்து சீட்காரர் கேட்டார். ஊருக்குப் போய்விட்டு வரும் டிக்கெட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "போட்டாச்சு, வெயிட்டிங் லிஸ்ட் 14" என்றேன். அவர் கேட்டது வருமான வரியை. இந்த ஒரு சொல் நம் ஊரில் எத்தனை வேஷம் போடுகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

முதலில் வேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. 'ரி' என்றால் மறுபடி. 'டர்ன்' என்பது லத்தீனில் கடைசல் பிடிப்பதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் 'தோர்னோஸ்', அதாவது வட்டம் போடும் கருவி, கடைசல் எந்திரம். நம் லேத் பட்டறையில் சுற்றுகிறதே, அதேதான். ஐடிஐயில் 'டர்னர்' டிரேடு படிப்பவருக்கும் ரிட்டர்ன் டிக்கெட்டுக்கும் ஒரே பூர்வீகம். 'டூர்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான் என்பதால், டூர் போய் ரிட்டர்ன் வருகிறவர் தெரியாமலேயே ஒரே வேரை இரண்டு தடவை சொல்லிவிடுகிறார்.

தமிழும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போயிருக்கிறது. திரி, திருகு, திரும்பு எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றிலும் சுழற்சி இருக்கிறது. மாவரைக்கும் திரிகையும் இதில் சேர்த்தி. அவர்களுக்குக் கடைசல் எந்திரம், நமக்குத் திரிகை. ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்ததில்லை, ஆனாலும் சுற்றுவதிலிருந்து வீடு வந்து சேர்வதற்கு இரண்டு மொழியும் தனித்தனியாக வந்து நிற்கின்றன.

சரி, அப்படியானால் ரிட்டர்னுக்குத் தமிழ் 'திரும்பு' என்று எழுதி முடித்துவிடலாமா? முடியாது. தமிழ், தானாக வந்ததா, ஒருவர் கொடுத்ததா என்று முதலில் கேட்கும். பஸ் திரும்பும், கடனைத் திருப்ப வேண்டும். அடகு வைத்த நகையைக்கூட எங்கள் பக்கம் 'திருப்புவது' என்றுதான் சொல்வார்கள், எழுத்தில் அது 'மீட்பது'. நோயிலிருந்து ஒருவர் மீள்வார், திரும்பமாட்டார். 'மீண்டும்' என்ற சொல்லே இந்த 'மீள்' தந்ததுதான். அதனால் 'மீண்டும் திரும்பி வந்தான்' என்று எழுதுகிறவர்கள், 'ரிட்டர்ன் பேக்' என்று சொல்பவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

வரிக்கு வருவோம். அதில் எதுவுமே திரும்பி வரவில்லையே, அப்புறம் ஏன் அது ரிட்டர்ன்? (வருவது ரீஃபண்டு, அது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'பிடித்த பணம் எதுவும் எனக்குத் திரும்ப வரவேண்டியதில்லை, நான் ஏன் ரிட்டர்ன் போட வேண்டும்' என்று கேட்பவர்கள் நிறைய.) விஷயம் அந்தக் கால இங்கிலாந்தின் ஷெரீப்பிடம், அதாவது அரசரின் வட்டார அதிகாரியிடம் இருக்கிறது. அரசரின் ஆணை அவருக்கு வரும். அவர் அதை நிறைவேற்றி, நடந்ததை அந்த ஆணையோடு எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படித் திருப்பி அனுப்பியதே ரிட்டர்ன். நாளாவட்டத்தில் அரசுக்குக் கொடுக்கும் எந்த விவர அறிக்கைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தேர்தலில் ஜெயித்தவர் பெயரை ஆணையில் எழுதித் திருப்பியவர்தான் ரிட்டர்னிங் ஆபீசர்.

இதைத் தமிழில் நாம் 'தேர்தல் நடத்தும் அலுவலர்' என்கிறோம், வேலையைப் பார்த்து வைத்த பெயர். இலங்கையில் 'தெரிவத்தாட்சி அலுவலர்', அதாவது யார் தெரிவானார் என்று அத்தாட்சி தருபவர். சொல்லின் வரலாற்றுக்குக் கிட்டத்தில் நிற்பது இலங்கைச் சொல்தான், வாயில் எளிதாக நுழைவது நம்முடையது. வரி ரிட்டர்னுக்கு 'வருமான வரிக் கணக்கு' என்பதே போதும். 'தாக்கல் செய்வது' தனித்தமிழ் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அது உருது வழியாக வந்த அரபுச் சொல்.

செக் ரிட்டர்ன் ஆனால்? 'காசோலை திரும்பியது', தாராளமாக எழுதலாம், கடைத்தெருவில் "செக் திரும்பிடுச்சு" என்றுதான் பேச்சே. முதலீட்டில் வரும் ரிட்டர்ன், வருவாய். ரிட்டர்ன் கிஃப்டுக்குத் தாம்பூலப் பை இருக்கிறது. பேராவூரணிப் பக்க மொய் விருந்தில் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வதற்குத் தமிழர் யாரும் ஆங்கிலம் தேடியதில்லை.

ஒன்றுக்கு மட்டும் ரொம்ப நாள் தடுமாறினேன்: வெளியூர் டாக்ஸியில் கேட்கும் 'ரிட்டர்ன் சார்ஜ்'. போக மட்டும்தானே வண்டி, வருவதற்கு ஏன் காசு என்று ஒரு டிரைவரிடம் பேரம் பேசியபோது அவர் சொன்னார், "காலியாத்தானே சார் நான் திரும்பணும்." 'திரும்பு வாடகை' என்று அன்றைக்கே குறித்து வைத்தேன். காசு குறையவில்லை.