கேட் அடிச்சு பார்த்துட்டோம்னு ஸ்கிரிப்டை நம்பிடாதீங்க

யாரோ குடுத்த ஷெல் ஸ்கிரிப்டை (கமாண்டுகளை வரிசையா எழுதி வெச்ச ஃபைல்) ரன் பண்றதுக்கு முன்னாடி, ஃபைல்ல இருக்கறதை ஸ்கிரீன்ல காட்டற கேட் (cat) கமாண்ட் அடிச்சு ஒரு தடவை பார்த்துக்கறது நல்ல பழக்கம்தான், டீம்ல புதுசா சேர்ற பசங்ககிட்டயும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனா அது மட்டும் பத்தாது, ஏன்னா ஃபைல்ல இருக்கறது எல்லாமே ஸ்கிரீன்ல தெரியணும்னு கட்டாயம் இல்ல.

டெர்மினலுக்கு (கமாண்ட் அடிக்கற விண்டோ) ஆஸ்கி 27, அதாவது எஸ்கேப்ங்கற கண்ணுக்கு தெரியாத கேரக்டர் வந்துச்சுன்னா அதுக்கு பின்னாடி வர்றதை அது எழுத்தா காட்டாம உத்தரவா எடுத்துக்கும். எஸ்கேப்புக்கு அப்புறம் [5;10 போட்டு பெரிய எச் வெச்சா கர்சர் 5வது வரி 10வது நெடுவரிசைக்கு (column) போயிடும் (எண்ணிக்கை 1ல ஆரம்பிக்குது). [1 போட்டு பெரிய ஏ வெச்சா ஒரு வரி மேல, [2 போட்டு பெரிய கே வெச்சா அந்த வரியே அழிஞ்சிடும். 1978ல வந்த விடி100 டெர்மினல்லயே இருந்த வசதி, விம் மாதிரி எடிட்டர் எல்லாம் இன்னிக்கும் இதை வெச்சுதான் ஸ்கிரீனை வரையுது, அதனால இதை தப்புன்னு சொல்லவே முடியாது.

இப்ப ஒருத்தன் ஒரு வரில மோசமான கமாண்டை எழுதிட்டு, அடுத்த வரியை # போட்டு கமெண்ட் (ஷெல் கண்டுக்காத குறிப்பு) ஆக்கி, அதுக்குள்ள மேல போ, அழி, அங்க வேற ஒண்ணு எழுதுன்னு வெச்சுட்டான்னா உங்க கண்ணுக்கு அந்த வேற ஒண்ணுதான் தெரியும், ஷெல் கமெண்டை தாண்டிட்டு மோசமானதை ஓட்டிடும். அதனால கேட் கூட மைனஸ் வி (cat -v) சேருங்க, எஸ்கேப் எல்லாம் ^[ன்னு வெளிய வந்துடும். ஃபைலை பக்கம் பக்கமா காட்டற லெஸ் (less) கமாண்ட் சும்மாவே காட்டிக்குடுத்துடும், ஆனா சில பேர் கலர் வேணும்னு சின்ன ஆர் ஆப்ஷன் போட்டு வெச்சிருப்பாங்க, அது எல்லாத்தையும் அப்படியே உள்ள விட்டுடும், அதுக்கு பதிலா கலரை மட்டும் விடற பெரிய ஆர் போடுங்க.

புரோகிராம் நடந்ததை எல்லாம் எழுதி வெக்கற லாக் ஃபைல்லயும் இதே ஆபத்துதான், யூசர்நேம்னு வெளிய இருந்து வர்ற எதுல வேணும்னாலும் எஸ்கேப் ஒளிஞ்சிருக்கலாம். கோட் எழுதறவங்க லாக்ல எழுதறதுக்கு முன்னாடியே எஸ்கேப் மாதிரி கன்ட்ரோல் கேரக்டரை எல்லாம் கண்ணுக்கு தெரியற எழுத்தா மாத்திடுங்க ப்ளீஸ். லாக் பார்த்து முடிச்சதும் நீங்க டைப்பே பண்ணாத நம்பரும் பெரிய ஆரும் பிராம்ப்ட்ல (கமாண்ட் அடிக்கற இடம்) வந்து நின்னா, எஸ்கேப்புக்கு அப்புறம் [6 போட்டு சின்ன என் வெச்சு யாரோ கர்சர் எங்கன்னு கேட்டிருக்கலாம், டெர்மினல் அந்த பதிலை கீபோர்டுல அடிச்ச மாதிரியே உள்ள அனுப்பும். அப்ப என்டர் தட்டாதீங்க, கன்ட்ரோல் சி அடிச்சுட்டு அந்த ஃபைலை மைனஸ் வி போட்டு திரும்ப பாருங்க.