அப்பண்டிஸ்: ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

"மருந்துலயே சரியாக்கிரலாம்னு போன்ல பாத்தோமே டாக்டர்." குடல்வால் அழற்சி என்று சொன்ன மறுநிமிடமே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அது வருவதற்குள் வலி தொடங்கி இரண்டு நாள் ஓடியிருக்கும்.

முதல் நாள் பெரும்பாலும் வீட்டிலேயே கழிகிறது. குடல்வாலின் வாய் அடைபட்டதும் உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும். அந்த வலியைக் கடத்தும் நரம்பு தொப்புள் பகுதிக்கும் பொது. அதனால் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும், சாப்பாடு பிடிக்காது, ஒருமுறை வாந்தி வரலாம். "சூட்டு வலி" என்று வெந்தயமும் மோரும் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். அதில் பெரிய கேடில்லை. விளக்கெண்ணெய் கொடுப்பதும், "குடலு ஏறியிருக்கும், ஒரு தட்டு தட்டுனா சரியாப் போவும்" என்று வயிற்றை வழிப்பதும் அப்படியல்ல. பேதி மருந்து குடலை முடுக்கிவிடும், அடைபட்ட வால் ஓட்டையாகக்கூடும். வீங்கிய வாலைச் சுற்றி உடம்பே ஒரு கொழுப்புத் திரையைப் போர்த்தி வைக்கப் பார்க்கும், அழுத்தித் தேய்த்தால் அது கலைந்துவிடக்கூடும்.

ஆறு மணி நேரத்திலோ பன்னிரண்டு மணி நேரத்திலோ வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொடும். அப்போது வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி ஓர் இடத்தில் நிலைத்துவிடும். இருமினால் சுண்டும். கல்லடைப்புக்காரர் கட்டிலில் புரளுவார், அப்பண்டிஸ்காரர் காலை மடக்கி அசையாமல் கிடப்பார். வரும் வழியில் வேகத்தடையில் ஆட்டோ ஏறி இறங்கும்போது வலித்ததா என்று கேட்பது அரட்டைக்காக அல்ல. 2012இல் பிரிட்டனில் இதையே ஆய்வாகச் செய்தார்கள். அப்பண்டிஸ் உறுதியான 34 பேரில் 33 பேருக்கு வேகத்தடையில் வலி கூடியிருந்தது. வலிக்கவில்லை என்றால் அப்பண்டிஸாக இருக்கும் வாய்ப்பு குறைவு. வலித்தால் மட்டும் உறுதி என்று சொல்ல முடியாது, நம் ஊர் ரோட்டில் சொல்லவே வேண்டாம்.

இனி மருந்தா கத்தியா என்ற கேள்வி. பின்லாந்தில் 530 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆன்டிபயாட்டிக் மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டுக்குள் 27 சதவீதம் பேருக்கும், ஐந்தாண்டுக்குள் 39 சதவீதம் பேருக்கும் ஆபரேஷன் தேவைப்பட்டது. பத்தில் ஆறு பேர் கத்தி படாமல் தப்பித்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம். ஆனால் அது மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரை அல்ல. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நரம்பு ஊசி, அதன்பின் ஏழு நாள் இரண்டு வகை மாத்திரை. அதோடு, சி.டி. ஸ்கேன் எடுத்து, வாலுக்குள் கல் இருந்தவர்களையும் வால் ஓட்டையானவர்களையும் முதலிலேயே விலக்கிவிட்டார்கள்.

அந்தக் கல்தான் விஷயம். மலம் இறுகிக் கல்லாகி வாலின் வாயை அடைத்திருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அப்பெண்டிகோலித்' அல்லது 'ஃபீகலித்' என்று எழுதியிருப்பார்கள். 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 1552 பேர். மருந்து எடுத்தவர்களில் கல் இருந்தோருக்கு 90 நாளுக்குள் 41 சதவீதமும், இல்லாதோருக்கு 25 சதவீதமும் ஆபரேஷனில் முடிந்தது. சிக்கல்களும் கல் இருந்தவர்களிடமே கூடுதல். எனவே ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருந்தால் மருந்துப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவது நல்லது. சாதாரண அல்ட்ராசவுண்டில் கல் தப்பிவிடலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டி, வாலைச் சுற்றிச் சீழ்கட்டியும் இருந்தால் கணக்கே வேறு. பின்லாந்தின் இன்னொரு ஆய்வில் அப்படிச் சீழ்கட்டி வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வாலில் சீழ் அல்லாத வளர்ச்சிக் கட்டி (டியூமர்) இருந்தது, அந்தக் கட்டி இருந்த அத்தனை பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சீழ் வடிந்து சுகமானாலும் பின்னால் வந்து வாலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நெல்லை மாவட்டத்தில் திசையன்விளை, வள்ளியூர் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு அப்பண்டிஸ் உறுதியானால், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் வெடித்துவிடுமோ என்று வீட்டில் ஒரே பதற்றம். 2023இல் வந்த ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ஓட்டையாகாத அப்பண்டிஸில், முடிவெடுத்த எட்டு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும், 24 மணி நேரத்துக்குள் செய்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும் வால் ஓட்டையாகியிருந்தது. ஆக, பக்கத்து ஆஸ்பத்திரியில் ட்ரிப்பும் ஆன்டிபயாட்டிக்கும் ஏறிக்கொண்டிருந்தால், விடிந்ததும் பாளையங்கோட்டைக்கு வந்து செய்தாலும் நஷ்டமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காத்திருக்கும் நேரத்துக்குத்தான் இந்தக் கணக்கு, வீட்டுத் திண்ணையில் காத்திருப்பதற்கு அல்ல.

வலி ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுப்பதில் ஒரு மோசம் உண்டு. வால் வெடித்ததும் அழுத்தம் இறங்கி வலி சட்டென்று குறையும். "சரியாயிட்டு" என்று இட்லி கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் வயிறு முழுக்கப் பலகை போல் இறுகி, காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும்.

வலி வலப்பக்கம் இறங்கிவிட்டால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கிளம்புங்கள். கடைசியாக எதைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மயக்க மருந்து டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். போட்ட ஊசியின் சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பெண்கள் என்றால் கடைசி மாதவிலக்குத் தேதியும் வேண்டும். கருக்குழாயில் தங்கிய கருவும் இதே இடத்தில் வலிக்கலாம்.